'வலது காது'க்கு நான் எழுதிய நான்கு வரிகள்

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் எட்டு வருடம் எழுதிக்கொண்டிருந்த ஓர் இணைய இசைப் பத்திரிகை அனுப்பியது. ஓராண்டாக உங்களிடமிருந்து எதுவும் வரவில்லை, எனவே உங்கள் கணக்கை மூடுகிறோம், விலகும் காரணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். கீழே நான்கு காரணங்கள். நேரமின்மை. வேறு பத்திரிகையில் சேர்ந்துவிட்டேன். உடல்நலம். இசையில் ஆர்வம் குறைந்துவிட்டது.

இந்த நாட்டில் நான் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருக்கும். நகராட்சியில், வீட்டு வாடகை அலுவலகத்தில், மகளின் பள்ளியில் என்று பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் நான் பொருந்துவேன். இதில் அது இல்லை. 'நேரமின்மை'யைத் தொட்டு அனுப்பிவிட்டேன். அது பொய். உண்மையான காரணம் திருச்சியில் இருக்கிறது. அதனால் அதைத் தமிழில் எழுதுகிறேன், அங்கே இருப்பவர்கள் படிக்கட்டும் என்று.

என் பெயர் சாதிக். சொந்த வீடு பாலக்கரையில். ராட்டர்டாமுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. கப்பலில் வரும் பெட்டிகளை எந்த லாரியில் எப்போது ஏற்றுவது என்று கணக்குப் போடும் மென்பொருள் ஒன்றில் வேலை. மனைவி மருந்துக் கடையில் இருக்கிறாள். ஒரே மகள் சமீரா, வயது பதினைந்து. தமிழ் அவளுக்குப் புரியும். பேசினால் 'நீ' எங்கே, 'அவன்' எங்கே என்று குழம்பிவிடும்.

இதைத் தவிர எனக்கு இன்னொரு வேலை இருந்தது. புதிதாக வரும் நடன இசைப் பாட்டுகளைக் கேட்டுக் கருத்துச் சொல்வது.

2

ஊரில் இதைச் சொன்னால் கல்யாண மண்டபத்து டி.ஜே.வைத்தான் நினைப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொன்னதில்லை. எலக்ட்ரானிக் இசையில் பாடகர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வரிகளும் வேண்டியதில்லை. மெஷின் அடிக்கும் தாளம் ஒன்று, அதன் அடியில் பாஸ் என்கிற கனத்த அதிர்வு ஒன்று, மேலே ஏதாவது ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எங்கே வைக்கிறார்கள், எங்கே எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவர் தனிப் பாட்டாக வெளியிட்டால் சிங்கிள். பலருடையதைச் சேர்த்து ஒரு கம்பெனி வெளியிட்டால் தொகுப்பு.

கருத்துச் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த வருடம் வந்தவற்றைப் பற்றிக் கேட்டால், சிங்கிள்கள் ரொம்பவும் குட்டையாகிவிட்டன என்பேன். கேட்பவன் போனில் அடுத்ததற்குத் தள்ளிவிடுவானோ என்ற பயம். பதினைந்தாவது நொடியிலேயே தாளத்தின் முழு அடியும் இறங்கிவிடுகிறது. காக்கவைக்கத் தெரியாத நடன இசை, அவசரமாக விழுங்கிய சாப்பாடு. விதிவிலக்காக லிஸ்பனிலிருந்து ஒரு பெண் செய்த சிங்கிள் வந்தது. அதில் கைத்தட்டல் ஒரு மயிரிழை தாமதமாக விழுகிறது. அந்தத் தாமதத்தில்தான் இடுப்பு அசைகிறது. பெர்லின் கம்பெனி ஒன்றின் பெரிய தொகுப்பில் இருபத்திரண்டு பாட்டு. பதினாறை எடுத்துவிட்டால் நல்ல தொகுப்பு. ஜோகன்னஸ்பர்க்கில் ஐந்தாறு பேர் சேர்ந்து செய்த தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் அடுத்த பாட்டுக்கு இடம் விட்டு முடிகிறது. அதைக் கேட்டுவிட்டுப் பெர்லினுக்குத் திரும்பினால், ஆளாளுக்குக் கத்தும் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இப்படியெல்லாம் நியாயம் பேசிய நான் ஒரு பாட்டுக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றரை நிமிடம். வாரத்துக்கு நாற்பது பாட்டு வரும். காலையில் மெட்ரோவில் வேலைக்குப் போகும்போது கேட்பேன், ஆபீஸ் வருவதற்குள் நான்கு நான்கு வரியாக எழுதி முடித்துவிடுவேன்.

முதலில் என் சொந்தப் பெயரில்தான் எழுதினேன். கொஞ்ச நாளில் ஆசிரியர் எனக்கு அனுப்புவதெல்லாம் ஒரே தினுசாக மாறியது. தபலா அடித்தால் எனக்கு, வீணை மாதிரி ஏதாவது கேட்டால் எனக்கு. ஒரு முறை மொரோக்கோ நாட்டுப் பாட்டு ஒன்று, 'இது உங்கள் பக்கத்துடையது என்று நினைக்கிறேன்' என்ற குறிப்போடு வந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன். 'எஸ். லிண்ட்' என்று பெயரை மாற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் டெட்ராய்ட் பாட்டு வந்தது, பெர்லின் பாட்டு வந்தது. லிண்ட் எந்த ஊர்க்காரன் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கு அதைச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

3

என் அம்மா பாலக்கரை வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தா, அதாவது என் அப்பா, மௌத்தாகி ஆறு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். இரண்டு மூன்று வருடமாக அந்தப் பேச்சு சரியாக வரவில்லை. "இங்க ஒரே மழைம்மா" என்றால் "ஆமா ஆமா, சாப்புட்டேன்" என்பார். சமீராவுக்குப் பரீட்சை என்றால் "நல்லதுப்பா, துஆ செய்றேன்" என்பார், ஆனால் பத்து நிமிடம் கழித்து "புள்ள எப்புடி இருக்கு?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். கவனமில்லாமல் பேசுகிறார், டி.வி. பார்த்துக்கொண்டே பேசுகிறார் என்று நினைத்தேன். ஒரு முறை கோபமாகவே கேட்டேன். "நான் சொல்றத கேக்குறீங்களா இல்லையாம்மா?" "கேக்குறேன் தம்பி, கேக்குறேன்" என்றார். அரை மணி நேரப் பேச்சு கால் மணியாகி, பிறகு ஐந்து நிமிடமாயிற்று.

அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் முரளி.

முரளி ஸ்ரீரங்கத்துக்காரன். அம்மா மண்டபம் ரோட்டில் வீடு. கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. தில்லை நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், அந்தக் கடைக்காரர் பிற்பகலில் தூங்கப் போகும் நேரத்தில், ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தாளம் செய்து பழகினோம். எனக்கு வேகமாக வரும். அவன் ஒரு சத்தத்தைப் பிடித்தால் மூன்று நாள் அதிலேயே கிடப்பான். கல்லூரி விழாவில் எங்கள் பாட்டு ஒன்றை நான்கு நிமிடம் போட்டோம். முன்வரிசையில் இருந்த பேராசிரியர்கள் எழுந்து போனார்கள். பின்வரிசைப் பையன்கள் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். அன்றைக்கு பஸ்ஸில் சத்திரம் பஸ் நிலையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம், உட்காரத் தோன்றவில்லை.

நான் வெளிநாடு வந்தேன். அவன் காது பரிசோதனை செய்யும் படிப்பை முடித்து, தில்லை நகரில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் சேர்ந்தான். இசையை விட்டுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லப் போனவன், காலிங் பெல்லை ஐந்து முறை அடித்தும் அம்மா வராததைக் கவனித்திருக்கிறான். அடுத்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போனான். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: 'அம்மாவுக்கு ரெண்டு காதும் கொஞ்சம் வீக்டா. வலது பரவால்ல. மிஷின் வெச்சா சரியாயிடும்.' நான் 'பாத்துக்கடா' என்று பதில் போட்டேன். அன்று கேட்க வேண்டியிருந்த பாட்டு நிறைய இருந்தது.

4

அதற்கு அடுத்த அக்டோபரில் வந்த நாற்பதில் ஒன்று, 'வலது காது' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த சிங்கிள். செய்தவர் பெயர் இருந்த இடத்தில் ஓர் எண்ணும் 'டெசிபெல்' என்ற சொல்லும்தான் இருந்தன. வெளியிடுவது இங்கிலாந்தில் ஒரு சின்னக் கம்பெனி. நாடு: இந்தியா.

ஆரம்பத்தில் வெறும் அடி. பிறகு 'பீப்' என்று ஒரு மெல்லிய சத்தம், காது பரிசோதனையில் வருவது. பிறகு ஒரு குரல், இழுத்துக் கனமாக்கப்பட்டு, ஆண் குரலா பெண் குரலா என்று சந்தேகப்படும்படி. அது ஒரே ஒரு சொல்தான் சொன்னது.

"கேக்குது."

மெட்ரோ அப்போது ஆற்றுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு ஒரு தடவை நிமிர்ந்தது. தமிழ். இந்த எட்டு வருடத்தில் எனக்கு வந்த பாட்டு எதிலும் தமிழ் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். இதைப் பற்றி நல்லதாக எழுதினால், அந்தச் சொல்லின் அர்த்தத்தை எழுதினால், லிண்ட்டுக்கு இந்த மொழி எப்படித் தெரியும் என்று ஆசிரியர் கேட்பார். மறுபடியும் தபலாக்கள் வர ஆரம்பிக்கும். ஒன்றரை நிமிடத்தில் நிறுத்தினேன். எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'காது பரிசோதனைக் கருவியின் சத்தத்தை வைத்து ஒரு தந்திரம். அதன் மேலே எனக்குத் தெரியாத ஏதோ மொழியில் ஒரு வயதான குரல், ரெஸ்டாரென்ட் சுவரில் மாட்டிய யானைப் படம் மாதிரி, அலங்காரத்துக்கு. தாளம் சுத்தமாக இருக்கிறது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.'

பத்துக்கு நான்கு மதிப்பெண். அடுத்த பாட்டுக்குப் போனேன்.

எனக்குத் தெரியாத ஏதோ மொழி. எழுதும்போது கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

5

ஜூலையில் சமீராவுக்கு லீவு விட்டதும் அவளும் நானும் மட்டும் ஊருக்குப் போனோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வலது காதில் சின்னதாக ஒரு மிஷின். "தம்பி, ஆட்டோ தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டுருச்சு" என்றார். உள்ளே போனதும் முதல் காரியமாகக் கேட்டார்.

"முரளி என் குரல வச்சு என்னமோ பாட்டு பண்ணிருக்கான். ஒனக்கு அனுப்பலையா?"

"இல்லையேம்மா."

"அனுப்புறேன்னான். போயி கேளு. நான் அதுல பாடவெல்லாம் இல்ல, சும்மா பேசிருக்கேன்."

அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கிளினிக்கில் நோயாளிகள் இல்லாத இடைவேளையில் முரளி எங்களை வரச் சொன்னான். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தான். சமீராவை "வாங்க மேடம்" என்றான், அவள் சிரித்தாள். உள்ளே ஓர் அறைக்குள் இன்னொரு சிற்றறை, சத்தம் புகாதபடி கனமான கதவோடு. பரிசோதனைக்கு வருபவர்கள் அதற்குள் உட்காருவார்கள். இவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தம் அனுப்புவான். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் விரலைத் தூக்குவதில்லையாம், வாயைத் திறந்து சொல்லிவிடுகிறார்களாம்.

"எல்லாரும் 'கேக்குது'ம்பாங்கடா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. சத்தம் கொறையக் கொறைய அவங்க கொரலும் கொறையும். நாள் பூரா அதத்தான் கேக்குறேன். ஒரு நாள் அது தாளமா கேட்டுச்சு."

அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சமீராவை உள்ளே உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினான், எனக்கு இந்தப் பக்கம் ஒன்று கொடுத்தான். முதல் அடி விழுந்ததுமே அதுதான் என்று உறுதியாயிற்று.

ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினேன். அங்கிருந்துதான் பாட்டே ஆரம்பிக்கிறது. பீப் சத்தம் நான்கு தட்டுக்கு ஒரு முறை வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சற்று மெலிகிறது. "கேக்குது" என்ற குரலும் அதோடு மெலிகிறது. ஓர் இடத்தில் பீப் நமக்குக் கேட்கிறது, குரல் வரவில்லை. அவருக்குக் கேட்கவில்லை. அடி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, குரல் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. மூன்றே முக்கால் நிமிடத்தில் எல்லாம் நிற்கிறது. பிறகு எந்த மாற்றமும் செய்யாத, வெறும் குரல். என் அம்மாவின் குரல்.

"கேக்குது முரளி. நல்லா கேக்குது. தம்பி போன் பண்ணா இனிமே கேக்கும்ல? இத்தன நாளா அவன் என்ன பேசுறான்னே தெரியாம ஆமா ஆமான்னுக்கிட்டு இருந்தேன். அவன்ட்ட சொல்லிடாத, வெசனப்படுவான்."

பிறகு அடி மெதுவாகத் திரும்பி வருகிறது.

ஹெட்போனைக் கழற்றினேன். முரளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஆசையாக. "அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். 'சொல்லாதன்னேனே'ன்னாங்க. பாட்டுல போட்டா சொன்னதா ஆகாதும்மான்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டாங்க."

"எனக்கு ஏன்டா அனுப்பல?"

"தொகுப்புல வரட்டும், அப்புறம் அனுப்பலாம்னு இருந்தேன். வருஷக் கடைசித் தொகுப்புல மொத பாட்டா வைக்கிறேன்னு அந்தக் கம்பெனிக்காரன் சொல்லிருந்தான். ஒரே ஒரு பத்திரிகையிலதான் இதப் பத்தி எழுதுனாங்க. அதுல நாலு மார்க்கு. அதப் பாத்துட்டு கம்பெனிக்காரன் தொகுப்புலேருந்து எடுத்துட்டான்." போனை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினான். "இந்தா பாரு. தெரியாத மொழின்னு எழுதிருக்கான். அவன் மேல தப்பு இல்லடா. அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் யோசிக்கல. அதுக்கப்புறம் மூணு பண்ணேன், எதுலயும் கொரல் வைக்கல. புரியாததப் போட்டு எதுக்கு?"

சமீரா வெளியே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. போனில் என்ன என்று எட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் என் மடிக்கணினியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அத்தா," என்றாள், "இது நீ எழுதினான்."

முரளிக்குப் புரியவில்லை. சிரித்தபடி என்னைப் பார்த்தான். "என்ன சொல்லுது பாப்பா?"

சமீராவுக்குத் தான் சரியாகச் சொல்லவில்லை என்று பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, அதே விரலால் என்னைக் காட்டி, நிதானமாக மறுபடியும் சொன்னாள். "இது அத்தா பேர். மியூசிக் எழுதற பேர்."

இல்லை என்று சொல்ல எனக்கு இரண்டு மூன்று நொடி இருந்தது. சொல்லவில்லை. அது நேர்மையினால் அல்ல, நாக்கு எழவில்லை.

முரளி போனை வாங்கி மேஜையில் கவிழ்த்துவைத்தான். அப்புறம் கேட்டான்.

"முழுசா கேட்டியா?"

"இல்லடா."

"எவ்ளோ கேட்ட?"

"ஒன்றரை நிமிஷம்."

தலையை ஆட்டினான். ஒரு பரிசோதனையின் முடிவைக் குறித்துக்கொள்கிற மாதிரி. "பேஷன்ட் வர்ற நேரம்," என்றான். "பாப்பாவ வெயில்ல நடத்திக் கூட்டிட்டுப் போகாத. ஆட்டோ புடிச்சுக்க."

6

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் சமீரா டச்சு மொழியில் கேட்டாள். "தெரியாத மொழி என்று ஏன் எழுதினாய்?" அவளிடம் முக்கியமான எதையும் நான் டச்சில்தான் பேசி வந்திருக்கிறேன், அது அவளுக்கு வசதி என்று. பெயர் மாற்றிய கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "எனக்கு நீ தமிழ் சொல்லிக் கொடுக்காததும் அதனாலா?" என்றாள். நான் அப்படி யோசித்ததே இல்லை. இல்லை என்று உடனே சொல்லவும் முடியவில்லை.

அம்மாவிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பிட்டு முடித்து அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பாட்டு கேட்டியா தம்பி?"

"கேட்டேன்மா."

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு. ஆனா முன்னாடியே அது எனக்கு வந்துச்சும்மா. நான்தான் நல்லால்லன்னு பத்திரிகையில எழுதிட்டேன். உங்க கொரல்னு தெரியல. என்ன பாஷைன்னே எனக்குத் தெரியாதுன்னு எழுதிட்டேன். அதனால முரளிக்கு..."

அம்மா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கும் சிரமம்தான் தெரிந்தது. "நம்ம பாஷையவா?" என்றார்.

"ஆமாம்மா."

நான் மேலே விளக்க ஆரம்பித்தேன். ஆசிரியர், பெயர், நாற்பது பாட்டு. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கையை உயர்த்தி, காதிலிருந்து மிஷினைக் கழற்றி, சின்ன டப்பாவுக்குள் வைத்து மூடினார். பிறகு சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் படுப்பது அவர் வழக்கம். படுக்கும்போது மிஷினைக் கழற்றிவிட வேண்டும் என்று முரளியே சொல்லியிருக்கிறான். வழக்கப்படிதான் கழற்றினாரா என்று நான் இன்று வரைக்கும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என்னிடம் எப்போதும்போலத்தான் பேசினார். ஆனால் முரளியின் பாட்டைப் பற்றி என்னிடம் அப்புறம் பேசவில்லை.

முரளியை அந்தப் பயணத்தில் மறுபடி பார்க்க முடியவில்லை. இரண்டு முறை ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாம் முறை அவன் மனைவி காபி கொடுத்து, "ஜீயபுரத்துல கேம்ப்புங்க, வர லேட்டாகும்" என்றார். வாசலில் அவன் வண்டி நின்றிருந்தது. காபியைக் குடித்துவிட்டு வந்தேன். மன்னிப்பு கேட்டு எழுதிய செய்திக்கு மூன்றாவது நாள் பதில் வந்தது. 'பரவால்லடா. அம்மாவுக்கு பேட்டரி ஆறு மாசத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன்.'

7

திரும்பி வந்ததும் ஆசிரியருக்கு நீளமாக எழுதினேன். அந்தக் குறிப்பு தவறு, முழுப் பாட்டையும் நான் கேட்கவில்லை, அந்த மொழி என் தாய்மொழி, என் சொந்தப் பெயரில் புதிதாக எழுதித் தருகிறேன், பழையதற்கு மேலே அதைப் போடுங்கள் என்று. ஒரு திருத்தப் படிவம் அனுப்பினார்கள். பாட்டு செய்தவரோடு உங்களுக்குத் தனிப்பட்ட உறவு உண்டா? உண்டு. பாட்டில் பங்கேற்ற யாரோடும் குடும்ப உறவு உண்டா? உண்டு. இரண்டையும் நிரப்பி அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். இரண்டு கேள்விக்கும் 'உண்டு' என்பதால் அந்தப் பாட்டைப் பற்றி நான் எழுதியதோ எழுதப்போவதோ எதையும் பத்திரிகை வைத்திருக்க முடியாது, பழைய குறிப்பை நீக்கிவிட்டோம். அவ்வளவுதான். அந்தப் பாட்டைப் பற்றி உலகத்தில் இருந்ததே அந்த நான்கு வரிதான். இப்போது தேடினால் அதுவும் இல்லை. சரிசெய்யப் போய், இருந்த ஒரே தடயத்தையும் அழித்துவிட்டேன். முரளிக்கு எழுதினேன். 'ஓகே' என்று வந்தது.

அதோடு லிண்ட் எழுதுவதை நிறுத்தினான்.

அன்று எழுதியிருக்க வேண்டியதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் எனக்கு வந்த சிங்கிள்களில் 'வலது காது' அளவுக்குப் பொறுமை உள்ளது வேறில்லை. அதன் அடி ஆட வா என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை, பக்கத்தில் வந்து உட்காருகிறது. குரல் இல்லாமல் போகும் அந்த எட்டுச் சுற்று, ஆடிக்கொண்டிருப்பவனையும் நின்று காது கொடுக்கவைக்கும். குறையும் உண்டு. கடைசியில் அடி திரும்பி வரும்போது பாஸ் கொஞ்சம் தடிமன். இன்னும் ஒல்லியாக இருந்திருக்கலாம். முரளியிடம் நேரில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பான், மூன்று நாள் கழித்து மாற்றியும் இருப்பான்.

8

சமீரா முரளியோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஊரிலிருந்து வந்த ஒரு மாதத்திலேயே அது ஆரம்பித்துவிட்டது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது. அவள் இங்கே டிராம் வளைவில் திரும்பும் கிறீச்சிடலை, துறைமுகத்துக் காற்றைப் போனில் பிடித்து அனுப்புவாள். அவன் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரைக்கும் நன்றாக இருக்கிறது என்று தமிழில் குரல்செய்தி அனுப்புவான். அதைப் புரிந்துகொள்ள அவள் மூன்று நான்கு தடவை போட்டுக் கேட்பாள். புரியாத சொல்லை என்னிடம் கேட்பதில்லை. பாலக்கரைக்குப் போன் செய்து அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா சத்தமாகச் சொல்லிக்கொடுப்பது எனக்கு அடுத்த அறையிலிருந்து கேட்கும். இருவரும் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை முரளி அவளுக்குப் புதுப் பாட்டு ஒன்றை அனுப்பினான். இன்னும் வெளிவராதது. அதில் அவளுடைய குரலும் இருக்கிறதாம். நான் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் சோபாவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். என் காதுக்கு எதுவும் வரவில்லை. அவள் குதிகால் தரையில் தட்டியதிலிருந்து நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடி இருக்கும் என்று தெரிந்தது. முடிந்ததும் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"நான் கேட்கலாமான்னு முரளி மாமாகிட்ட கேளு," என்றேன்.

கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது. அவள் அதை வெளியே கேட்கும்படி வைத்தாள். பின்னணியில் கிளினிக்கு மாதிரி இல்லை, தெருச் சத்தம், ஸ்கூட்டர் ஹாரன். "அத்தாட்ட சொல்லு பாப்பா, இப்ப வேண்டாம். அது வெளிய வரும்ல, அப்ப எல்லாரும் கேக்குற மாதிரி கேட்டுக்கட்டும். கோவத்துல சொல்லல. எனக்கு அதுதான் சரியாப்படுது."

கடுமை இல்லை அந்தக் குரலில்.

"என்ன எழுத?" என்றாள் சமீரா.

"சரின்னு எழுதிடு."

போனைக் கையில் எடுத்தாள். தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள். பாதியில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். வெகுநாளைக்கப்புறம் என்னிடம் தமிழில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அத்தா, சரிக்கு எந்த ரி?"

"சின்ன ரி," என்றேன்.